வெளியே திரும்பிய பாதம்

மே 21

நோன்பு பதினாறு. பதினொரு பேருக்கு எலும்பு ஸ்கேன் எடுத்தேன். கடைசி ஆள் மோன்ஜி, சுவர்ப்பூச்சு மேஸ்திரி. இடுப்பு மூட்டு மாற்றி ஒரு வருடம். பாரத்தை உலோகத் தண்டு வாங்கிக்கொள்வதால் சுற்றியுள்ள எலும்பு வேலையற்றுக் கரைகிறது. போன முறை பதினெட்டு சதவீதம் போயிருந்தது. இன்று ஆறுதான் காட்டுகிறது.

டாக்டர் கரூய்க்கு வாயெல்லாம் பல். "இனி ஏணியில ஏறலாம் மோன்ஜி. கீழ பார்த்து ஏறு."

"கீழ பார்த்தா இவ நிக்கிறாளே டாக்டர், அதுதான் பயம்."

மனைவி ஸாஸியா அவர் முதுகில் ஒன்று வைத்தாள். போகும்போது என் கையில் பேரீச்சம்பழம் திணித்தாள். "நோன்பு திறக்க வச்சுக்கோ மகளே."

மே 27

மோன்ஜியின் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியதில் தொடை எலும்பின் உட்பக்க முண்டு பெரிதாகத் தெரிகிறது. பாதம் வெளியே திரும்பியிருக்கிறது.

பாதத்தைக் கட்டும் பட்டை அன்று அறுந்திருந்தது. வீட்டுக்குப் போகிற அவசரம். "அப்படியே ஆடாம இருங்க"ன்னு சொல்லிட்டு எடுத்துட்டேன். கால் திரும்பினால் எண் பொய் சொல்லும். கரைந்த எலும்பு இவ்வளவு சீக்கிரம் திரும்பி வராது. இது எனக்கு அன்றைக்கும் தெரியும்.

மே 28

சொல்லவில்லை.

மே 30

டாக்டர் அறைக்குள்ளேயே போய்விட்டேன். "என்ன ரஃபீக்கா?"

"ஒண்ணுமில்ல. புதுப் பட்டை வேணும்."

கோழை.

ஜூன் 5

பெருநாள். ஸ்ஃபாக்ஸ் ஊர் முழுக்க உப்பு மீன், வெங்காயமும் திராட்சையும் வேகும் ஷர்மூலா குழம்பு வாசனை. அக்கா தட்டை நீட்டினாள். "ஏண்டி, இது என்ன எழவு வீடா? சாப்பிடு."

விடுமுறை முடிந்துதானே மோன்ஜி வேலைக்குப் போவார் — இப்படியே என்னை நானே ஏமாற்றிக்கொள்கிறேன்.

ஜூன் 7

சொல்லிவிட்டேன். டாக்டர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்து நாளா தெரியுமா உனக்கு?"

மோன்ஜிக்குப் போனைப் போட்டார். எடுத்தது ஸாஸியா. அவள் குரல் எனக்கே கேட்டது. "அங்கதான் டாக்டர் வந்துட்டிருக்கோம். ஆம்புலன்ஸ்ல."

இரண்டாவது படி. ஏணியின் வெறும் இரண்டாவது படியிலிருந்து விழுந்திருக்கிறார்.

ஜூன் 8

தண்டை ஒட்டியே எலும்பு பிளந்திருக்கிறது. ஐந்து மணி நேர ஆபரேஷன். எலும்பு ஒட்டிப் பிடிக்குமா என்று டாக்டருக்கே நிச்சயமில்லை.

ஜூன் 19

டாக்டர் சொல்வதற்கு முன் ஸாஸியாவிடம் நானே போனேன். வார்டு வராந்தாவில், நின்றபடியே எல்லாம் சொன்னேன். பட்டை, பாதம், பத்து நாள்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தினால் தேவலை என்றிருந்தது.

"வேலைக்குப் போகாதேன்னு அன்னிக்குக் காலைல சொன்னேன்," என்றாள். "உங்க ஸ்கேன் காகிதத்த எடுத்துக் காட்டினாரு. அதுக்கப்புறம் நான் வாயே தொறக்கல."

உள்ளே போய்விட்டாள். என்னை மகளே என்று கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடணும்?

செப்டம்பர் 3

மோன்ஜிக்கு ஸ்கேன். சக்கர நாற்காலியில் வந்தார், பாதி ஆளாக. எனக்குத் தலையசைத்தார். ஸாஸியா நாற்காலிக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"வேற யாராச்சும் எடுப்பாங்களா?"

அடுத்த அறையிலிருந்து சல்வாவைக் கூப்பிட்டேன். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, அவர்கள் போகும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன்.