என் முதுகைப் பார்த்தவளுக்கு

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா பழக்கதோஷத்தில் என் முதுகுப் படத்தை உன் எண்ணுக்கே அனுப்பிவிட்டாள். என்னைக் குளிப்பாட்டி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஜன்னல் வெளிச்சம் விழும்படி நைட்டியை ஏற்றிவிட்டு, எப்போதும் போலப் படம் எடுத்தாள். எப்போதும் போல உன் பெயரைத் தொட்டாள். அனுப்பிய பிறகுதான் "ஐயையோ" என்றாள். நீ போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. "அழிச்சிடும்மா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் படத்தின் கீழே இருந்த இரண்டு குறிகளும் நீலமாகிவிட்டன.

யாரோ பார்த்துவிட்டார்கள். எனக்குத் தோளுக்குக் கீழே குளிரும் தெரியாது சூடும் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அன்று தோள்வரைக்கும் சில்லிட்டுப் போனது. செத்தவள் என் முதுகைப் பார்த்துவிட்டாள் என்றே ஒரு நொடி நினைத்தேன். நினைத்துவிட்டு, பைத்தியம் பிடித்துவிட்டதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நம் கதை தெரியாதவர்கள் இதென்ன கூத்து என்பார்கள். இரண்டு பெண்கள் வாராவாரம் முதுகைப் படமெடுத்து ஒருத்திக்கொருத்தி அனுப்பிக்கொள்வதாவது! கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டுக் கையும் காலும் போனவர்களுக்கு முதுகு என்பது பக்கத்து ஊர் மாதிரி. இருக்கிறது என்று தெரியும், போய்ப் பார்க்கத்தான் முடியாது. ஒரே பக்கமாகக் கிடந்தோ உட்கார்ந்தோ தோல் கறுத்துப் புண்ணாகத் தொடங்கினாலும் நமக்கு வலிக்காது. யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு. சொல்லாமல் விட்டால் அது எலும்புவரைக்கும் போகும், பிறகு உயிர்வரைக்கும் போகும்.

நாம் சந்தித்ததே குப்புறக் கிடந்துதானே. ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில், இருவருக்கும் படுக்கைப் புண். நான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி ஓசூர் சாலையைக் கடக்கும்போது லாரியில் அடிபட்டவள். நீ உத்தனப்பள்ளியிலிருந்து ராயக்கோட்டைக்குத் தக்காளி ஏற்றிப்போன டெம்போவோடு கவிழ்ந்தவள். தலையணையில் கன்னம் நசுங்க, ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்து, "ஏமே, உனக்கு எப்படி இவ்ளோ பெரிசாச்சு?" என்று கேட்டாய். தெலுங்கு வாடையோடு "ஏமே" என்றுதான் கடைசிவரை என்னைக் கூப்பிட்டாய். அம்மா தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தாள் என்றேன்.

நீ சிரித்தாய். "காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. உங்கம்மாவுக்கு உன் புண்ணும் பொன் புண்ணு. வூட்ல இருக்கறவங்க கண்ண நம்பாதமே. பாசம் இருக்குது பாரு, அது கண்ண மறைச்சிடும்."

அம்மா அங்கேதான் நின்றிருந்தாள். "வாயைப் பாரு இவளுக்கு" என்று முணுமுணுத்தபடியே உனக்கும் சேர்த்துக் கஞ்சி ஊட்டினாள்.

அந்தக் கட்டில்களில் கிடந்துதான் பேசிவைத்தோம். என் முதுகை நீ பார், உன் முதுகை நான் பார்க்கிறேன். கறுப்பு தெரிந்தால் ஒரே வார்த்தை, "படு." அதற்குமேல் பேச்சு கிடையாது. கறுப்பு மறையும்வரை நாற்காலியில் உட்காரக் கூடாது, கல்யாணமானாலும் சரி, கருமாதியானாலும் சரி. சட்டம் போட்டவள் நீ. உன் படத்தை நீ மட்டும் பார்க்கவே மாட்டாய். "எனக்கு எதுக்கு? பார்த்தா பயம்தான் வரும். நீ பார்த்தா நான் பார்த்த மாதிரி" என்பாய். உன் மாமியார்தான் எடுப்பார், அவரே அனுப்புவார். எல்லாப் படத்திலும் ஓர் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் விழுந்திருக்கும்.

நம்மைப் பார்த்து, நம்மைப் போலவே அடிபட்ட இன்னும் சிலர் போனில் ஒரு குழுவாகச் சேர்ந்தார்கள். தளி அண்ணன் வந்தார், பாகலூர்ப் பெண் வந்தாள். ஆளுக்கொரு ஜோடி சேர்த்துவிட்டாய். மண்டை வெடிக்கிற மாதிரி தலைவலி என்று தளி அண்ணன் ஒருநாள் அலறியபோது, "மாத்திரையத் தேடாதண்ணா, மூத்திரம் அடைச்சா நமக்கு மண்டைதான் வெடிக்கும், மொதல்ல மூத்திரக் குழாய் மடங்கியிருக்குதா பாருன்னு அண்ணிகிட்ட சொல்லு" என்று நீ போட்ட சத்தத்தில்தான் அவர் பிழைத்தார். காலையில் உன் குரல் வராவிட்டால் எங்கள் யாருக்கும் பொழுது விடியாது. "எம் புருசன்கூட எம் முதுக இவ்ளோ உத்துப் பார்த்ததில்லமே" என்று என்னைக் கேலி செய்வாய். அந்த ஆள் பெங்களூருக்கு வேலைக்குப் போனவர் போனவர்தான். உன் மாமியாரோ பெற்ற மகனைத் தலைமுழுகிவிட்டு உன்னோடு இருந்துவிட்டார்.

பிறகு நீ அந்த ஆசையைக் கிளப்பினாய். எல்லோரும் ஒருநாள் கெலவரப்பள்ளி அணைக்குப் போக வேண்டும், நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்க்க வேண்டும். அடிபட்டதிலிருந்து வீட்டையும் ஆஸ்பத்திரியையும் தவிர நீ எதையும் பார்த்ததில்லை. வேன் பேசினாய், நாற்காலி ஏற்றப் பலகை ஏற்பாடு செய்தாய், யார் யாருக்கு என்ன சாப்பாடு என்று உயிரை வாங்கினாய். நெடுநேரம் உட்காரப் பழக வேண்டும் என்று தினமும் நாற்காலியில் ஏறினாய். வாராவாரம் உன் படம் வந்தது. முதுகு பளிங்கு மாதிரி இருந்தது. நானும் சந்தோஷமாக "உட்காரு ராசாத்தி" என்று பதில் அனுப்பினேன்.

அணையில் நீ பண்ணிய அட்டகாசத்தை மறக்க முடியுமா? வரிசையாகச் சக்கர நாற்காலிகளைப் பார்த்துவிட்டு ஒருவர் வந்து, எந்த ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறீர்கள் என்று இரக்கமாகக் கேட்டார். "நாங்க கல்யாணத்துக்கு வந்தோங்கண்ணா. பொண்ணு மாப்ளையத்தான் இன்னும் காணோம்" என்றாய். அவர் தலைதெறிக்க ஓடினார். வறுத்த மீனை முள் எடுத்து உன் மாமியார் ஊட்டினார். நாற்காலியைப் பின்னால் சாய்த்துவிடச் சொல், உட்கார்ந்து வெகுநேரமாகிறது என்று நான் இரண்டு மூன்று முறை சொன்னேன். "இருமே, இப்பதான் மூஞ்சில வெயில் படுது" என்றாய். அந்த முகத்தைப் பார்த்த யாரும் உன்னைச் சாய்க்க மாட்டார்கள்.

அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல். பிறகு ஆஸ்பத்திரி. வால் எலும்பு தெரிகிற அளவுக்குப் புண், விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். நான் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைதானே பார்த்தேன், ஒரு பொட்டுக் கறுப்பு இல்லையே! அம்மாவைப் போனை எடுத்து, பழைய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னேன். கடைசியாக வந்த நான்கைந்தும் ஒரே படம். அதே கட்டைவிரல் அதே ஓரத்தில், போர்வையில் அதே மடிப்பு. முதுகு பார்க்கிறவள் தோலைத்தான் பார்ப்பாள், விரலையா பார்ப்பாள்?

நான் கூப்பிடுவதற்கு முன் நீயே கூப்பிட்டாய். குரலில் பாதிதான் இருந்தது. "நான்தான் பழச அனுப்பச் சொன்னேன். டேமுக்குப் போவணும்னு ஆசை. எங்க அத்தைய ஒண்ணும் கேக்காத. திட்டறதா இருந்தா என்னத் திட்டு."

திட்டினேன். நீயெல்லாம் ஒரு மனுஷியா, என்னைப் பொட்டைக் கண்ணியாக்கிவிட்டாயே, ஊருக்கு உபதேசம் பண்ணிவிட்டு நீ இப்படிச் செய்யலாமா என்று கத்தினேன். நீ "சரிமே, சரிமே" என்று கேட்டுக்கொண்டாய். இரண்டு நாளில் போய்விட்டாய். உன் மாமியார் அனுப்பிய குரல் பதிவில் சொல் எதுவும் இல்லை, வெறும் மூச்சுத்தான் இருந்தது. அதைக் கேட்ட பிறகும் நீ செத்துவிட்டாய் என்று எனக்கு உறைக்கவில்லை. ஏமாற்றிவிட்டாய் என்பது மட்டும்தான் உறைத்தது. ஒரு மாதமாக உன்மேல் கோபத்திலேயே கிடந்தேன்.

இப்போது திங்கட்கிழமைக்கு வருகிறேன். படம் தவறிப்போன மறுநாள் காலை, அம்மா எனக்குப் பல் தேய்த்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே வாசலில் உன் மாமியார் நின்றார். உத்தனப்பள்ளியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். வாங்க என்று சொல்வதற்குள் உள்ளே வந்து, "புள்ளையத் திருப்பு" என்றார் அம்மாவிடம். அவரே தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து ஒரே புரட்டில் என்னைத் திருப்பினார். உன்னைத் திருப்பித் திருப்பிப் பழகிய கை.

"இங்க கறுத்துக் கீது. படத்துலயே தெரிஞ்சுது. உங்களுக்குத் தெரியலியாம்மா?"

"வெயில் காலம், வேர்த்திருக்கும்னு நெனச்சேன்" என்றாள் அம்மா.

"அமுக்கிப் பார்த்தேன். கறுப்பு மாறல. இன்னையிலிருந்து நாற்காலி வேணாம். படு, பாப்பா."

அந்த ஒற்றைச் சொல்லை அவர் வாயால் கேட்டதும், பெரியம்மா, நீங்களே வந்து சொல்கிறீர்களே என்று ஏதோ நன்றி சொல்லத் தொடங்கினேன். அவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அவளுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. இதே எடம், இதே அளவு. அனுப்பினா நீ படுன்னு சொல்லிடுவே. அவ டேமு டேமுன்னு குதிக்கறா. அடிபட்டு வந்த நாளா மோட்டுவளையப் பார்த்துக் கெடந்த பொண்ணு சிரிக்கறா. போயிட்டு வந்து படுக்க வச்சிக்கலாம்னு பழச அனுப்பிட்டேன். அவளுக்குத் தெரியாது, பாப்பா. அவ சொல்லவே இல்ல. நான்தான் அனுப்பினேன்."

நீ என்னை ஏமாற்றவே இல்லை. ஏமாற்றாத உன்னை நான் மனுஷியா என்று கேட்டிருக்கிறேன். நீயும் சரிமே, சரிமே என்று வாங்கிக்கொண்டிருக்கிறாய்!

ஆஸ்பத்திரியில்தான் உன்னிடம் சொன்னாராம். ஒருநாள் முழுக்க நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாயாம். சாப்பிடவில்லையாம். மறுநாள், "போனப் போட்டுக் குடு அத்தை. நான் சொன்னதாவே இருக்கட்டும். நான் போயிடுவேன், நீ இவங்க மூஞ்சில முழிக்கணுமில்ல" என்றாயாம்.

"நீதான் பார்க்கறவ. நீயே சொல்லு. நான்தான அவளக் கொன்னுட்டேன்?" என்று உன் மாமியார் கேட்டார்.

ஆமாம் என்றுதான் எனக்கு வாயில் வந்தது. அதை மறைத்தால் இந்த மடல் பொய். அவர்மேல் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அதே நேரம், என் கறுப்பைப் பார்த்ததும் நெஞ்சு பதறி முதல் பஸ்ஸில் ஓடி வந்தவரும் அவர்தான். இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இன்றுவரை தெரியவில்லை. அப்போது அம்மாவிடம், "என் கைய எடுத்து பெரியம்மா மேல வைம்மா" என்று மட்டும் சொன்னேன். அம்மா தூக்கி அவர் முதுகில் வைத்தாள். என் கைக்கு எதுவும் தெரியாது. அவர் அழுத குலுக்கல் தோள்வரைக்கும் ஏறி வந்தது. நெடுநேரம் அந்தக் கையை நாங்கள் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து நான் படுக்கையில்தான் இருக்கிறேன். கறுப்பு மங்கிக்கொண்டு வருகிறது. நாள் தவறாமல் அவர் கூப்பிட்டுக் கேட்கிறார்.

குழுவில் உன்னைத்தான் இன்னும் திட்டுகிறார்கள், அக்கா. நேற்றுகூடப் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் தளி அண்ணன் உன் பெயரைச் சொல்லி, "எல்லாருக்கும் சட்டம் போட்டவ, அவளே பழைய படத்த அனுப்பி ஏமாத்தினா. அதான் போய்ச் சேர்ந்தா" என்றார். நீ காப்பாற்றிய மனிதர் சொல்கிறார். உண்மை என் தொண்டைவரைக்கும் வந்து நின்றது. தோளிலிருந்து விரல்வரைக்கும் எதுவும் உருப்படியாகக் கேட்காத இந்த உடம்பில், நினைத்தபடி அசைவது நாக்கு ஒன்றுதான். அதை உனக்காக அசைக்காமல் வைத்திருக்கிறேன்.