பொற்றொடியின் தந்தை யாரென அவை தெளிந்தமை உரைக்கும் ஓலை

நலம் பெருகுக, நீதி நிலைபெறுக. பொன்னாவிரை நாட்டை ஆளும் மாதேவி நறுங்கோதை, வடவெல்லைப் பனிமலைக் கோட்டையைக் காத்து நிற்கும் தளபதியும், பகைவர் சிறையில் பல்லாண்டு கிடந்தும் நம் படையின் மறைவொன்றையும் வாய்விடாத வீரனும், எனக்குப் பின் பிறந்து என் இடுப்பிலேயே வளர்ந்த தம்பியுமாகிய அடல்நம்பிக்கு விடுக்கும் ஓலை. நின் கோட்டையும், நின்னொடு காவல் நிற்போர் அனைவரும் நலமாயிருக்க.

தம்பி, நீ அறியத் துடிக்கும் செய்தியை ஓலையின் கடைசி வரி வரை ஒளித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. பொற்றொடி நின் மகளே. அவை அதை ஏற்றது. இனி நடந்தவற்றைக் கேள்.

நீ சிறைப்பட்டிருந்த காலத்தில் நின் மனைவி அல்லி அக்குழந்தையைப் பெற்றுக் காய்ச்சலில் மாண்டதும், அவள் தமையனாகிய கப்பல் தச்சர் நன்னாகன் அதைத் தம் மார்பிலிட்டு வளர்த்ததும் நீ அறிந்தவை. போர் முரசு கொட்டிய அவசரத்தில் உங்கள் மணம் சாட்சியின்றி நடந்தமையால், நீ மீண்டு வந்து மகளைக் கேட்டபோது அவர் தர மறுத்தார். நீயோ நின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து அரண்மனை மருத்துவரிடம் கொடுத்து, குழந்தையின் செவிலியை இரந்து மகள் வாயில் துடைத்த பஞ்சையும் பெற்று, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும் உயிரிழைகள் இருவரிடத்தும் ஒத்தன என்ற முடிவை அவைக்கு அனுப்பினாய். நன்னாகன் எழுந்து, "இது தளபதி வாயில எடுத்த பஞ்சுதான்னு யாரு கண்டா? வைத்தியரும் அரசி வீட்டு வைத்தியரு. என்னைக் கேக்காம எம் புள்ள வாயில கை வச்சிருக்காங்க. நாளைக்கு எவன் வேணா ஒரு பஞ்சைக் கொண்டாந்து அவளைக் கேப்பானே?" என்றார். தலைமை நீதியர் ஆதிரையார் அது நியாயமென ஒப்பினார். மெய்யாயிருப்பது வேறு, அவையில் செல்லுபடியாவது வேறு என்றும் உரைத்தார். அன்று நீ சினந்து எழுதிய ஓலையை நான் கிழிக்கவில்லை, எவருக்கும் காட்டவுமில்லை.

ஆதலின் அவையே சோதனைக்கு ஆணையிட்டது. நின் கோட்டைக்கு வந்த நீதியர், நீ நீயேதான் என்பதை நின்னை அறிந்தோர் வாயால் உறுதிசெய்து, தம் கையாலேயே துடைத்து, மூங்கிற் குழலில் இட்டு அரக்கு முத்திரை வைத்ததை நீயே கண்டாய். ஈங்கு நன்னாகன் மனமொப்பிப் பொற்றொடியைத் தம் மடியில் இருத்திக்கொண்டார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாய் திறக்க மறுத்தாள். அவர் தம் வாயை ஆவெனத் திறந்து காட்டவும் சிரித்துவிட்டாள், பணி முடிந்தது. குழல்கள் கைமாறிய இடந்தோறும் அவற்றை வாங்கியவர் தம் முத்திரையையும் பதித்தார். ஆராய்ந்தோர் இருதரப்புக்கும் உறவற்ற தென்துறை மருத்துவர். அவர்க்குப் பெயர்கள் சொல்லப்படவில்லை. குழல்மேல் குறி மட்டுமே இருந்தது.

முடிவு வந்த நாளில், நான் நின் தமக்கை என்பதால் அரியணை நீங்கி, மக்களோடு மக்களாய்ப் பாயில் அமர்ந்தேன். ஆதிரையார் முத்திரைகள் உடையாதிருப்பதை இருதரப்புக்கும் காட்டிய பின்னரே பிரித்து வாசித்தார். மகிழ்ச்சியில் எழப்போன நான், நன்னாகன் முகத்தைக் கண்டு அப்படியே அமர்ந்துவிட்டேன். அவர், "இதுக்கு மேல எனக்குச் சந்தேகமில்ல. அவரு பொண்ணுதான், கூட்டிக்கிட்டுப் போகட்டும். இடி இடிச்சா பயப்படுவா, அதை மட்டும் சொல்லிடுங்க" என்று கூறி மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பொற்றொடி மெல்ல என்னிடம் வந்தாள். முதன்முறையாக என்னை உறவு சொல்லி அழைத்து, "அத்தை, அப்பா வந்துட்டா மாமா போயிடணுமா?" என்று கேட்டாள். நன்னாகனின் கையை எடுத்து அவள் கையில் வைத்தேன், அவ்வளவே முடிந்தது.

அவள் கேள்விக்கான விடையை இப்போது ஆணையாகவே எழுதுகிறேன். கோட்டையைத் துணைத்தளபதியிடம் ஒப்படைத்து உடனே புறப்படுக. படைக்கலமும் பரிவாரமும் வேண்டா. அரண்மனைக்கு வாராது, நேரே துறைமுகத்து நன்னாகன் மனைக்குச் செல்க. மகளை அள்ளி எடுக்குமுன் அவர் கையைப் பற்றி நன்றி கூறுக. அவர் பட்டறைக்கு அடுத்த மனையை நினக்கு அளித்தோம். மகள் இரு வீட்டிலும் உண்டு, இரு வீட்டிலும் உறங்கி வளர்வாளாக. அதைத் தடுக்க எவர்க்கும், நினக்கும்கூட, உரிமையில்லை.

அவைத் தீர்ப்பின் படியை இணைத்து, ஆவிரைப்பூ முத்திரை பொறித்து இவ்வோலையை விடுத்தோம். சினம் வந்தால் அவளும் நின்னைப் போலவே கீழுதட்டைக் கடிக்கிறாள், தம்பி. இதை எந்த அவையும் சான்றாக ஏற்காது. நீ வந்து நின் கண்ணாலேயே பார். இஃது அரசியின் ஆணை, அக்காளின் ஆசை.