கரையில் கால் வைத்தாச்சா என்று கேட்ட நர்ஸ்

அன்பு மகள் சுபஸ்ரீக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம், நீ அயர்லாந்தில் சௌக்கியமா என்பதை உன் வாயால் கேட்டால்தான் நம்புவேன், போட்டோவில் எல்லோரும்தான் சிரிக்கிறார்கள். போனில் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடுகிறது, அதனால் இதை எழுதி, படம் பிடித்து அனுப்பச் சொல்லி உன் தம்பி மோகன்குமாரிடம் கொடுக்கிறேன். படிக்காமல் அனுப்புவான் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததைத் தம்பி சொல்லியிருப்பான், நடந்த கதையைச் சொல்லியிருக்க மாட்டான். பொன்னேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே ஜெஸ்ஸி என்று ஒரு நர்ஸ் நோட்டோடு வந்து, எந்தச் சாமி கும்புடுவீங்க, பயமா இருந்தா யார நெனைப்பீங்க, நாங்க செய்யக் கூடாதது ஏதாச்சும் இருக்கான்னு அம்மாவைக் கேட்டாள். பெயரைக் கேட்டதுமே எனக்கு உள்ளுக்குள் மணி அடித்துவிட்டது. ஊசி போட வந்தவளுக்கு என் சாமி எதற்கு? நாங்க கங்கையம்மாவக் கும்புட்றவங்க, நீ ஒண்ணும் கத்துத் தர வாணாம்னு முகத்துக்கு நேரே சொன்னேன். சிரித்துக்கொண்டே அதையும் எழுதிக்கொண்டாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆபரேஷன் வியாழக்கிழமை என்றார்கள். புதனன்று ஏரியில் வலை போட நம் பாடு முறை, அதை விட்டால் மறுபடி எப்போது வரும் என்று உனக்குத் தெரியும், அதனால் போய்விட்டேன். காலையில் ஜெஸ்ஸி போன் செய்து, சார் தண்ணியில இருக்கீங்களான்னு கேட்டாள். ஆமாம் என்று வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும், எப்போ கரைக்கு வருவீங்கன்னு. மேலே ஏதோ சொல்ல வந்தாள், நான் வைத்துவிட்டேன். நான் இல்லாத நேரம் பார்த்து அம்மா தலையில் தண்ணீர் தெளித்து மதம் மாற்றப் போகிறாள் என்று தோன்றிவிட்டது. கூட வந்த முத்துராஜ் திட்டத் திட்ட வலையைச் சுருட்டிப் படகைத் திருப்பினேன். கரையில் இறங்கும்போது மூன்றாவது போன், கால் தரையில வெச்சிட்டீங்களா சார்னு. கரையிலதான் நிக்கிறேன், இன்னா இப்போன்னு கத்திவிட்டு வைத்தேன்.

நான் போய்ச் சேரும்போது அம்மாவை ஆபரேஷன் முடித்து வெளியே கொண்டுவந்தார்கள், கழுத்தில் தாலி இல்லை. நான் ஜெஸ்ஸியிடம் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் துணியில் பத்திரமாகச் சுற்றி வைத்திருந்த தாலியை என் கையில் கொடுத்தாள். பக்கத்துக் கட்டில் பிலோமினாதான் விஷயத்தைச் சொன்னாள். ஆபரேஷனைத் திடீரென்று புதனுக்கே மாற்றிவிட்டார்களாம். அவரு தண்ணியில இருக்கசொல்ல நான் தாலியக் கயட்ட மாட்டேன்னு அம்மா பிடிவாதமாக இருந்தாளாம், புருஷன் உயிருக்கு ஆகாது என்று தெரிந்தும் நம் குப்பத்தில் எந்தப் பொம்பளை கழற்றுவாள்? அப்படியானால் அடுத்த மாதம் வா என்று டாக்டர் கோபப்பட, இந்த ரத்தப்போக்கோடு அனுப்ப வேண்டாம் என்று ஜெஸ்ஸிதான் கெஞ்சி நேரம் வாங்கியிருக்கிறாள். மூன்றாவது போனை அம்மா காதருகே ஸ்பீக்கரில் வைத்தாளாம். நான் கத்தியதைக் கேட்டதும், கரைக்கு வந்துட்டாரு, கயட்டுங்கன்னு அம்மாவே கழுத்தைக் காட்டினாளாம்.

அதற்குப் பிறகும் தலையணைக்கு அடியில் ஏசு நோட்டீஸ் ஏதாவது வைத்திருக்கிறாளா என்று தடவிப் பார்த்தேன், கங்கையம்மா குங்குமப் பொட்டலம்தான் இருந்தது. போன மாதம் நீ, அங்கே நர்ஸாக இருக்கும் உன் வார்டில் சாகக் கிடந்த ஒரு கிழவர் கையில் ஜெபமாலையைக் கொடுத்து அவர்கள் ஜெபத்தைக் கூடவே சொன்னதாகச் சொன்னாய். மதம் மாறிவிட்டாயா என்று கத்திப் போனை வைத்தேன். இப்போதும் சந்தேகம் முழுசாகப் போகவில்லை, என் குணம் அப்படி. ஆனால் அந்த மனுஷன் நிம்மதியாகப் போனாரா என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது மனதை அறுக்கிறது.

கங்கையம்மா உன்னைக் கைவிட மாட்டாள். குளிரில் காதை மூடிக்கொண்டு போ. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய், நீ பேசி முடிக்கும்வரை வைக்க மாட்டேன். கரையில்தான் இருப்பேன்.

உன் நைனா,
ஆதிநாராயணன்,
கோட்டைக்குப்பம்.