அவர் வீட்டுக் கதவு

ஜனவரி 30, வெள்ளி

நான் வேலை செய்யும் வீட்டு ஐயா, சிஞ்ஞோர் என்றுதான் கூப்பிடுவேன், தொலைக்காட்சியில் காற்பந்தாட்டம் அலசுபவர். எங்கள் கழகம் புதிதாக எடுக்கும் முன்கள வீரன் தேறமாட்டான் என்று நேற்றுச் சொல்லிவிட்டார். நாங்கள் இருக்கும் பல்லரோப் பகுதி முழுக்கக் கொதிக்கிறது.

இன்று வேலை முடிந்து கீழே இறங்கினேன். கழகத்துச் சால்வை போட்ட இருவர் வாசலில் நின்றார்கள். ஒருவன் மரியாதையாகக் கதவைப் பிடித்து எனக்கு வழிவிட்டான். நான் தெருவுக்கு வந்த பிறகும் அதைச் சாத்தவில்லை.

வீட்டுக்கு வந்ததும், சிஞ்ஞோரின் வீட்டைப் பற்றி யாரிடமும் சொன்னீர்களா என்று என் கணவரிடம் கேட்டேன்.

“ஓம், பாரிலை கதைச்சனான். என்ரை மனிசி அவரின்ரை வீட்டிலைதான் வேலை எண்டன். எந்தக் கட்டடம் எண்டு கேட்டாங்கள், சொன்னன்.”

“விசரே உங்களுக்கு?”

“அந்தாளுக்கு என்ன தெரியும்? கிழமைக்குக் கிழமை மைதானத்திலை நிக்கிறது நாங்களல்லோ!”

ஆட்டம் யாருக்கு அதிகம் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவர் வாசல் இப்போது அவர்களுக்குத் தெரியும். எச்சரிக்கத் திரும்பத் திரும்ப அழைக்கிறேன்; சிஞ்ஞோர் தொலைபேசியை எடுக்கிறாரில்லை.