நூல் தண்ணி

12.2.2025, புதன்
குடம் ரொம்புறதுக்கு இன்னைக்கும் அரை மணி. தண்ணி நூலாட்டம் இறங்குது. நிக்க நிக்க முட்டி கழண்டு போவுது. சுவத்துக்கு அந்தாண்ட அருக்காணி வீட்டுல மட்டும் பக்கெட்டு தடதடன்னு ரொம்புது. ஒரே லைன்தான். தண்ணி நின்னதும் என் குழாய் காத்தை இழுக்குது. க்கா... க்கா... அக்கான்னு கூப்பிடுற அருக்காணி குரலேதான். அவ செத்து எட்டு மாசம் ஆவுது.

13.2
இன்னைக்கும் கூப்பிட்டா.

15.2, சனி
மறந்துட்டேன்னு நெனச்சியாடி அருக்காணி? கொழுந்தன் பொண்டாட்டியாச்சேன்னு விட்டுடுவேனா?

ரெண்டாயிரத்து ரெண்டு, மாசி மாசம். ரெண்டு வீட்டுக்கும் தண்ணி லைன் இழுத்த மறுநாளே என் குழாய் மட்டும் நூலா வந்துச்சு. லைன் பிரியிற இடம் அவ சமையக்கட்டுக்குப் பின்னால. அவதான் வால்வைத் திருகி வச்சிருக்கான்னு தெருவே கேக்கக் கத்துனேன். வால்வு திறந்துதான் இருக்குதுன்னு ஃபிட்டர் சொன்னான். நீ வர்றதுக்கு முன்ன திறந்துட்டா, அவ்ளோதான்னேன்.

மாரியம்மன் கோயில் வாசல்ல அவ சூடத்தைக் கொளுத்தி உள்ளங்கையில அணைச்சா. "நான் கை வைக்கலக்கா."

"பொய்ச் சத்தியம் பண்ணுன கை விளங்காது." நான் சொன்னது.

அப்புறம் பேச்சே இல்லை. அவ பாடை என் வாசலைத் தாண்டுறப்ப கதவைச் சாத்திக்கிட்டு குழாயடியில நின்னேன்.

18.2, செவ்வாய்
முட்டி தாங்கல. இப்ப இருக்குற ஃபிட்டர் சாலமனை வரச் சொன்னேன். அருக்காணி மவ பாஞ்சாலை மூஞ்சி குடுக்காம பின்கதவைத் திறந்து விட்டா.

வால்வு முழுசா திறந்திருக்குது. சாலமன் பிரியிற இடத்துல குழாயை அறுத்தான். "ஆயா, உங்க லைனுக்கு மூக்கடைப்பு"ன்னு சிரிச்சிக்கிட்டே கம்பியை விட்டு இழுத்தான். துணி. துருவும் உப்பும் ஏறி கட்டையாட்டம்.

பாத்தியாடி, உங்கம்மா அடைச்ச துணியைன்னு நான் ஆரம்பிச்சேன். பாஞ்சாலை அதை வாங்கி அலசிப் பிரிச்சா. ஊதா நைலக்ஸ். மஞ்சப் பூ.

என் சீலை.

நான் வேலை பாத்த உப்பளத்துல சாயங்காலம் தண்ணி இறைக்கிற எஞ்சின் குழாய் வாயில துணியை அடைச்சுட்டுத்தான் கரையேறுவோம். இல்லன்னா நண்டு பூந்துடும். லைன் இழுத்த அன்னைக்கு, பிரியிற இடத்துல என் வீட்டுக்குப் போற குழாயைத் திறந்த வாயோட விட்டுட்டு ஃபிட்டர் கிளம்பிட்டான். பாத்தேன். பழைய சீலையைக் கிழிச்சு அடைச்சேன். கைப்பழக்கம். மறுநாள் விடியிறதுக்குள்ள வேலைக்குப் போயிட்டேன். அவன் வந்து பாக்காம அப்படியே இணைச்சிருக்கான்.

கோயில் வாசல்ல அவ கட்டியிருந்தது பச்சை சீலை, காதுல தோடு இல்ல. அதெல்லாம் ஞாபகம் இருக்குது. நான் துணி அடைச்சது மட்டும் எங்க போச்சு? இல்ல... தெரிஞ்சேதான் இருந்தேனா?

பாஞ்சாலை ஒண்ணுதான் சொன்னா. "அம்மா சாவுற வரைக்கும் அந்தக் கையால சாப்பிடறப்பல்லாம் உங்களைப் பத்திச் சொல்லும் பெரிம்மா." என்ன சொல்லும்னு நான் கேக்கல.

19.2
தண்ணி கொட்டுது. ரெண்டே நிமிசத்துல குடம் ரொம்பிடுது. அந்தச் சத்தம் இல்லை. விடியக்காலையிலேர்ந்து காதை வச்சிக்கிட்டு குந்தியிருந்தேன்.

கூப்பிடுடி.

21.2, வெள்ளி
எழுத்து கோணலா வருது. இடது கை.

காலையில பாஞ்சாலையைக் கூட்டிக்கிட்டு கோயில் வாசலுக்குப் போனேன். வேணாம் பெரிம்மா, வேணாம்னு சொல்லிக்கிட்டே அவதான் சூடத்தைக் கொளுத்தினா. நீ கை வைக்கலடின்னு சொல்லி என் உள்ளங்கையில அணைச்சேன்.

வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்து உள்ளங்கையைக் காட்டினேன். நல்ல வேகம். ரொம்ப நேரம் நின்னுட்டேன் போல. பாஞ்சாலைதான் வந்து மூடுனா.