யோசேப்பு என்ற பெயரில் ஒரு பங்கு

லிட்கம்,
ஞாயிறு.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

இங்கே அப்பா தங்கம் கண்டுபிடித்துக் கொடுத்த இடத்தில், தோண்டும் ஒவ்வொரு தொன் மண்ணுக்கும் அவருக்கு ஒரு ரோயல்டிப் பங்கு எழுதிக் கொடுத்தார்கள் என்று சாகும்வரை சொல்வாரே, அந்தப் பத்திரம் கிடைத்துவிட்டது.

மூன்று தரம் கடிதம் போட்டும், ஜெயசிங்கம் என்று எவருமே இல்லை என்றுதான் சுரங்கக் கம்பனி பதில் எழுதியது. வெள்ளிக்கிழமை நேரே போனேன். அங்கிருந்த பெண்ணும் அதையே சொன்னாள். எழும்பி வரும்போதுதான், "அங்க எல்லாரும் என்னை ஐயாவின்ர பேர் சொல்லித்தான் கூப்பிட்டவங்கள்" என்று அப்பா சிரிப்பது ஞாபகம் வந்தது. திரும்பிப் போய், அப்பப்பாவின் பெயரில், யோசேப்பு என்று தேடச் சொன்னேன். அடுத்த நிமிடம் அப்பாவின் கையெழுத்து திரையில் நின்றது.

இப்போது ஒரு தொகை சொல்லி, பங்கை விட்டுத்தரச் சொல்கிறார்கள். அப்பாவின் சிநேகிதர் ஜோன்சன் அங்கிளும் "தாறதை வாங்கு பிள்ளை" என்கிறார். பயப்படாதீர்கள், நான் கையெழுத்து வைக்கவில்லை. நிலத்துக்குள் இன்னும் எவ்வளவு இருக்கிறதென்று நாங்கள் பிடிக்கும் மதிப்பீட்டாளர் சொல்லும்வரை வைக்கவும் மாட்டேன்.

கோயிலில் அப்பாவின் ஞானஸ்நான அத்தாட்சி எடுத்து அனுப்புங்கள். இரண்டு பெயரும் அதில் இருக்கும். கொஞ்சம் மிளகாய்த்தூளும் வையுங்கள்.

வேலையிடத்தில் என்னையும் மிஸ் ஜெயசிங்கம் என்றே கூப்பிடுகிறார்கள். நாள் முழுக்க அப்பாவின் பெயர்தான் கேட்கிறது. போனில் கோல் எடுத்தால், மற்றக் கதைகளுக்கு முதல் என் பெயரை ஒருக்கால் சொல்லுங்கள் அம்மா.

ஸ்டேஷனில் இருந்துதான் எழுதுகிறேன், ரயில் வந்துவிட்டது.

உங்கள்
டில்ஷா