விடுதி திறந்தாயிற்று

மல்வேர்ன், ரொறன்ரோ
மார்கழி 3

அன்புள்ள மரியரட்ணம் அண்ணைக்கு,

மடு மாதாவின் காவலில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே பனி கொட்டத் தொடங்கிவிட்டது. எனக்கு முதியோர் இல்லத்தில் அதே வேலை, முழங்கால் நோவும் அப்படியே. உங்கள் மகள் ஸ்டெபனிக்கு நத்தார்ப் பண்டிகைக்குக் கிட்டப் பிள்ளை கிடைக்கும் என்று அண்ணி சொன்னார். சந்தோஷம்.

நத்தாருக்கு ஊருக்கு வர நாங்களும் நினைத்திருந்தோம். தங்க இடம் தேடிப் போனில் தட்டிக்கொண்டிருந்த என் மகள் நிரோஷினி, அம்மா, உங்கட ஊரிலயும் ஏசி றூம் இருக்குது என்று காட்டினாள். படத்தில் நிலத்துக்கு நான் தெரிவு செய்த நீல ரைல்ஸ். கதவடியில் கைகழுவும் தொட்டி, முழங்கையால் தள்ளித் திறக்கிற நீளக் குழாய். பிள்ளைப்பேறு பார்ப்பவர்களின் கை குழாயில் படக்கூடாது என்று நான் இங்கிருந்து வாங்கி அனுப்பியது. அங்கே தங்கிப்போன யாரோ ஒருவர், குழாய் புதுமையாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்.

பெயர்ப்பலகையையும் பார்த்தேன். 'தாய்மார் விடுதி' என்றிருந்ததில் தாய்மாரை மட்டும் அழித்திருக்கிறீர்கள்.

போன மாசியில் போனில் என்ன சொன்னீர்கள்? விடுதி திறந்தாச்சு பிள்ளை, ஆக்கள் வரத் தொடங்கிட்டினம் என்றீர்கள். நான் அழுதே விட்டேன். கட்டடக் காசு சேர்க்கப் பூசை முடிந்ததும் என்னோடு நின்று றோல்ஸ் பொரித்து விற்ற சனத்துக்கெல்லாம் ஓடி ஓடிச் சொன்னேன். சண்டையில் செல் விழுந்து உடைந்த ஆஸ்பத்திரிக்குப் பிறகு எங்கள் ஊரிலேயே இனிப் பிள்ளைகள் பிறக்கும் என்று நம்பினோம். யோசித்துப் பார்த்தால் நீங்கள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விடுதி என்ற ஒரு சொல்லை வைத்தே என்னைப் பேய்க்காட்டிவிட்டீர்கள்.

அரசாங்கம் மருத்துவமாது ஒருவரையும் அனுப்பவில்லை, கட்டடம் சும்மா கிடந்தது என்று அண்ணி நேற்றுச் சமாதானம் சொன்னார். அதை என்னிடம் சொல்லியிருந்தால் சுகாதார அதிகாரிகளுக்குக் கந்தோர் கந்தோராக எழுதிக் கேட்டிருப்பேனே. விடுதிக் காணி உங்கள் பெயரில் இருந்தால் அலுவல் சுகம் என்று நீங்கள் சொன்னபோதும் நான் மறுபேச்சுப் பேசவில்லை. சண்டை முடிந்த வருசம் எங்கள் தங்கச்சி கிறிஸ்ரினாவை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனபோது, அவளுடைய தலை உங்கள் மடியில் இருந்தது. தாயும் பிள்ளையும் பாதி வழியிலேயே போய்விட்டார்கள். அந்த மடியை நம்பித்தான் அண்ணை எல்லாவற்றையும் உங்களிடம் தந்தேன்.

இந்த முறை நாங்கள் வரவில்லை. அழித்த சொல்லைத் திரும்ப எழுதுங்கள், பிறகு வருகிறேன்.

மாரி மழைக்குப் பட்டணத்துப் பாதை இப்போதும் வெள்ளத்தில் மூழ்குகிறதாம். ஸ்டெபனிக்கு வலி எடுக்கிற அன்றைக்கு உங்கள் விடுதியில் ஒரு அறையாவது காலியாக இருக்க மாதா அருள் செய்யட்டும்.

உங்கள் தங்கை,
யூஜினி